இரண்டு கோடும் ஒரு பெருக்கல் குறியும்

அர்த்தக்காரர் என்றொரு இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட முடியாது. உடையில் வித்தியாசம் இருக்காது, நடையில் இருக்காது, பழகினால் தங்கமான மனிதர், மழை நாளில் கேட்டால் குடையைக்கூட இரவல் கொடுப்பார். ஆனால் அவரைத் தப்பும் தவறுமாக எழுதிய ஒரு பெயர்ப்பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். சாதாரண மனிதராக இருந்தால், "எழுதினவன் தூங்கிட்டான்போல" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். குறை கண்டுபிடிக்கும் ஆசாமியாக இருந்தால் கடைக்குள் புகுந்து முதலாளியோடு சண்டை போடுவார். அர்த்தக்காரர் இந்த இரண்டையும் செய்ய மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, பலகையை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் அளந்துவிட்டு, பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்து, ஒருவரும் இல்லையென்றால் யாராவது வருகிறவரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:

"இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

இருக்காதா பின்னே? இவர்தான் வந்துவிட்டாரே!

குறை காண்கிறவரோடுகூடக் குடும்பம் நடத்திவிடலாம். உலகத்தில் தப்பு என்று ஒன்று உண்டு என்பதை அவராவது ஒப்புக்கொள்கிறார். அர்த்தக்காரரின் வாயில் 'தப்பு' என்ற சொல்லும் வராது, 'தெரியாது' என்ற சொல்லும் வராது. பூட்டுக்குச் சாவி சேரவில்லையென்றால் அதில் ஒரு தத்துவம் இருக்கும். கடிகாரம் நின்றுபோனால் அது நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால், அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று அரைமணி நேரம் சொல்வார். போட்டவருக்கே அது அப்போதுதான் தெரியவரும்.

அந்த இனத்தில் ஒருவருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவர் குடியிருந்த கட்டடத்தில் அவருக்கு 'அர்த்தம் சார்' என்று பெயர். மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அர்த்தம் சார் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சுவரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக ஓர் அட்டை தொங்கும். வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணை மூடச் சொல்லி வாசிக்கச் சொல்ல வேண்டும். தப்பாக வாசித்தால் கண்ணாடி எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் இவருக்குத்தான் யாருமே தப்பாக வாசிப்பதாகத் தோன்றாதே! ஒருவர் மூன்றாவது வரிசையில் இருந்த எழுத்தை வேறு ஏதோவாக வாசித்தால், இவர் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று உற்றுப் பார்த்து, "நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. இந்த வளைவை அப்படியும் எடுத்துக்கலாம்" என்பார். வந்தவர் மகிழ்ச்சியாக எழுந்து, கடையின் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு வெளியே போவார்.

இப்படிப் பல பேர் முட்டிக்கொண்டு போன பிறகு, மனைவி கடையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்க வீட்ல உக்காந்து அர்த்தம் பாருங்க. நான் கடையில கண்ணு பாக்கறேன்."

அதிலிருந்து அந்த அம்மா காலையில் கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். சார் வீட்டில். அவருக்கு என்ன குறை? வாசிப்பதற்கு உலகம் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் குறைவு.

அந்தக் குறையையும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தீர்த்துவைத்தார்.

அது மூன்று மாடிக் கட்டடம். மாடிக்கு ஆறு வீடு, ஆக மொத்தம் பதினெட்டு. கதவுகளில் சாயத்தால் எழுதியிருந்த எண்கள் உரிந்துபோய்விட்டன. புதிதாக எழுத ஒரு டப்பா சாயமும் ஒரு தூரிகையும் போதும். ஆனால் செயலாளர் எங்கேயோ ஒரு பெரிய ஓட்டலில் ரோமன் எண் போட்ட அறைக் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து சாதாரண எண்ணைக் கண்டாலே அவருக்கு முகம் சுளித்தது.

"நம்ம கட்டடத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?" என்று கூட்டத்தில் கேட்டார். கம்பீரம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்லோரும் கை தூக்கினார்கள்.

ரோமன் எண் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. I என்றால் ஒன்று, V என்றால் ஐந்து, X என்றால் பத்து. பெரியதற்குப் பின்னால் சின்னது நின்றால் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்னால் ஒன்று நின்றால் கழித்துக்கொள்ள வேண்டும். எட்டு என்பதை ஐந்துக்குப் பின்னால் மூன்று கோடு போட்டு VIII என்று எழுதுவதுதான் ஊர் வழக்கம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது, பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்தது.

பித்தளை எழுத்துகள் வாங்க ஆசாரியை அனுப்பினார் செயலாளர். ஆசாரி திரும்பி வந்து மூட்டையைத் தரையில் வைத்தார்.

"ஐயும் எக்ஸும் வேணுங்கற அளவு இருக்கு. வி மட்டும் ரெண்டுதான் கெடைச்சுது. மிச்சம் அடுத்த லோடுல வரும்னாங்க."

"அடுத்த லோடு வரைக்கும் எப்படிப்பா பொறுக்கறது? நாளைக்குக் கவுன்சிலர் தண்ணி மோட்டார் தொறக்க வராரு. கதவெல்லாம் பளபளன்னு இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். ஏதாவது பண்ணு."

ஏதாவது பண்ணு என்று ஆசாரியிடம் சொன்னால் அவர் ஏதாவதுதானே பண்ணுவார்? இருந்த இரண்டு V எழுத்தை ஐந்துக்கும் பதினைந்துக்கும் அடித்தார். நாலுக்கும் பதினாலுக்கும் V இல்லாமல் நாலு கோட்டையே வரிசையாக நிறுத்தினார். V வேண்டிய மற்ற வீடுகளுக்கு, கையில் இருந்த கோட்டையும் பெருக்கல் குறியையும் வைத்து, பத்துக்கோ இருபதுக்கோ எத்தனை குறைகிறதோ அத்தனை கோட்டை முன்னால் நிறுத்தினார். ஆறாம் வீடு IIIIX ஆயிற்று. ஏழு IIIX. அர்த்தம் சாரின் எட்டு IIX. பதினாறாம் வீட்டுக் கதவைப் பார்த்தால் முள்வேலி போட்டு அடைத்ததுபோல இருந்தது.

மறுநாள் கவுன்சிலர் வந்தார். மோட்டாரைத் திறந்தார். மாலையோடு படியேறி வந்து கதவுகளைப் பார்த்தார். ஆறாம் வீட்டுத் தையல்காரம்மா தன் கதவைக் காட்டி, "என்னங்க இது, சீப்பை ஒடச்சு ஒட்டி வச்ச மாதிரி?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். கவுன்சிலர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி தன் சுத்தியலைப் பார்த்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

வழி விட்டார்கள். அர்த்தம் சார் முன்னால் வந்து, ஒவ்வொரு கோடாகத் தொட்டுக் காட்டி, பத்திலிருந்து நாலு போனால் ஆறு என்றும், இந்தக் காலத்து அவசரக்காரர்கள் ஐந்தோடு ஒன்றைக் கூட்டி ஆறு என்கிறார்கள் என்றும், பத்து என்ற நிறைவை முதலில் மனசில் வைத்து, நமக்கு இன்னும் என்ன குறைகிறது என்று பணிவோடு எண்ணுவதுதான் உயர்ந்த முறை என்றும் எடுத்துச் சொன்னார். கவுன்சிலர் தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆசாரிகூடத் தட்டினார். அவருக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது.

இந்த இடத்தில் சார் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியிருந்தால் கதையே இல்லை. ஆனால் கைதட்டல் வாங்கின அர்த்தக்காரர் தூங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு ஒரு அர்த்தம் என்பது பசியைக் கிளப்பிவிடும் முதல் கவளம்.

அடுத்த நாள் காலையில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு IIX என்ற எண்ணை வெகுநேரம் பார்த்தார். அந்த மாடியின் கடைசி வீடு பன்னிரண்டு, படிக்கட்டை ஒட்டியிருந்தது, அதில் நீச்சல் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் குடியிருந்தார். குளத்துக்குக் கிளம்பிய மாஸ்டரை சார் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நேத்து நான் சொன்னது ஒரு அர்த்தம்தான். ரொம்பப் பழைய முறையில முன்னாடி, பின்னாடிங்கற பேதமே கெடையாது. எங்க நின்னாலும் கூட்டல்தான். அப்படிப் பாத்தா ரெண்டும் பத்தும் பன்னெண்டு. உங்க கதவுல என்ன இருக்கு? பத்தும் ரெண்டும். அதாவது, உங்க வீடும் என் வீடும் ஒண்ணு."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா எங்க குப்பையையும் நீங்களே கீழ கொண்டுபோய்ப் போட்டுடுங்க சார்" என்று பையை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இது சாரைத் தடுத்ததா? குப்பையைப் போட்டுவிட்டு வரும் வழியிலேயே மூன்றாவது அர்த்தம் கிடைத்தது. முன்னால் நிற்கிற எண் பெருக்குவதற்காக நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், IIX என்பது இரண்டு பத்து, அதாவது இருபது. செயலாளரிடம் போய்ச் சொன்னார்.

"சார், இருக்கறதே பதினெட்டு வீடு."

"அங்கதாங்க அதோட ஆழமே இருக்கு."

நான்காவது அர்த்தம் குளிக்கும்போது வந்தது. கதவுக்கு உள்பக்கம் இருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் எழுத்துகள் திரும்பி XII ஆகிவிடும். ஆகவே அந்த வீடு வெளியிலிருந்து வருகிறவருக்கு எட்டு. உள்ளேயிருந்து போகிறவருக்குப் பன்னிரண்டு. துண்டோடு வந்து அதை மனைவியிடம் சொன்னார். அம்மா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்தவங்க எல்லாம் ஏன் வெளிய போயிடறாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கட்டடத்தில் மற்றவர்கள் அர்த்தத்தின் ருசியைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. வண்டி நிறுத்தக் கீழே வீட்டு எண்படி இடம் ஒதுக்கியிருந்தார்கள். பதினான்காம் இடம் மரத்தடியில் இருந்தது. ஆறாம் இடம் வெயிலில் காய்ந்தது. ஒருநாள் தையல்காரம்மா தன் வண்டியை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பதினான்காம் வீட்டு பஸ் டிரைவர் ஓடிவந்தார்.

"அம்மா, இது பதினாலு."

"நானும் பதினாலுதான். என் கதவைப் போய்ப் பாருங்க. நாலு கோடு, ஒரு பெருக்கல். நாலும் பத்தும் எவ்வளவு?"

"என் கதவுலதாங்க பதினாலு! பத்து, அப்புறம் நாலு!"

"உங்களுக்குப் பத்துக்கு அப்புறம் நாலு. எனக்கு நாலுக்கு அப்புறம் பத்து. எண்ணும்போது நாலு முன்னாடி வருமா, பத்து முன்னாடி வருமா?"

டிரைவர் நேராக அர்த்தம் சாரிடம் வழக்கைக் கொண்டுபோனார். சார் இருவரையும் நாற்காலியில் உட்காரவைத்தார். தையல்காரம்மா சொல்வது சரி என்றார். டிரைவர் சொல்வதும் சரி என்றார். இரண்டு பேரும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று டிரைவர் கேட்டார். "நீங்க கேக்கறதும் ரொம்பச் சரி" என்றார்.

அதன் பிறகு கட்டடம் கழித்தல் கட்சி, கூட்டல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு அர்த்தம் சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தேநீர் கொடுத்தவருக்கு எந்த அர்த்தம் வேண்டுமோ அது அவர் வாயிலிருந்து வந்தது. அவர் வேண்டுமென்று அப்படிச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏமாந்துபோவதைப் பார்க்கும் மனசு அவருக்கு இல்லை. பொருள் கொண்டுவந்து கொடுக்கும் பையன்கள்தான் பாவம். எட்டாம் வீடு எது என்று கேட்டவனை அவர் வாசலில் நிறுத்தி நான்கு அர்த்தத்தையும் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையில் இருந்த ஐஸ்கிரீம் கரைந்து முழங்கை வழியாக இறங்கிவிடும். பிறகு அவர்கள் எல்லாப் பொட்டலத்தையும் கீழே வாசற்கதவோரம் குவித்துவிட்டு ஓடிப்போக ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் சாக்பீஸை எடுத்து, பித்தளை எழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் '8' என்று எழுதினார். அம்மா கடைக்குப் போனதும் சார் ஈரத்துணியால் துடைத்தார். மறுநாளும் எழுதினார். மறுநாளும் துடைத்தார்.

"ஏங்க துடைக்கறீங்க? வரவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"எட்டுன்னு போட்டுட்டா எட்டுதான்னு ஆயிடுமே!"

"ஆகட்டுமே!"

அவருக்கு அது புரியவில்லை. அம்மாவுக்கு அவருக்குப் புரியாதது புரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருத்துவமனையில் சொன்ன தேதிக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. மருமகன் வேலை பார்க்கும் ஊரில் இருந்தார். அன்று காலை அம்மா கடைக்குப் போன பிறகு, மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இடுப்பு ஒரு மாதிரி வலிக்குதுப்பா."

அர்த்தம் சார் தலையைச் சாய்த்தார்.

நீங்களும் நானுமாக இருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடியிருப்போம். அவர் யோசித்தார். தலையணை உயரம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். நேற்று படி ஏறி இறங்கியது இன்னொன்று. வானம் மூடிக்கொண்டு வருகிறது. காற்றில் ஈரம் ஏறினால் எலும்பு பேசும் என்றார். மகளும் தலைச்சன் பிள்ளைக்காரி, அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? அப்பா சொன்னால் இருக்கும் என்று தலையணையை மாற்றினாள். வலி போய்விட்டு வந்தது. போய்விட்டு மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அப்பாவிடம் புதிதாக ஒரு அர்த்தம் இருந்தது. மதியத்துக்கு மேல் அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"அப்பா! அர்த்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

அவர் பாய்ந்து எழுந்தார். தொலைபேசியை எடுத்தார். மகளுக்குப் பிரசவ வலி என்றார், தெருப் பெயரைச் சொன்னார், கட்டடத்தைச் சொன்னார், இரண்டாவது மாடி என்றார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"வீட்டு நம்பர்?" என்றது எதிர்முனையில் ஒரு பெண்குரல்.

பழக்கம் இருக்கிறதே, அது பதற்றத்தையும் மீறி வந்தது.

"அது நீங்க எப்படி வாசிக்கறீங்கங்கறதைப் பொறுத்ததும்மா."

"என்ன சார்?"

"ரெண்டு கோடும் ஒரு பெருக்கல் குறியும். கழிச்சுப் பாத்தா..."

மகள் எட்டித் தொலைபேசியைப் பிடுங்கினாள். "எட்டு!" என்று அலறினாள். அலறிய வேகத்தில் அது கை நழுவிக் கீழே விழுந்து அணைந்துபோயிற்று. எதிர்முனைப் பெண் தான் கேட்டதையெல்லாம் அப்படியே வண்டிக்குச் சொன்னாள்: இரண்டாவது மாடி, எட்டு, இரண்டு கோடு, ஒரு பெருக்கல் குறி, பிரசவ வலி.

வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் சுருட்டிய ஸ்ட்ரெச்சரோடு முன்னால் படியேறினார். நர்ஸம்மா பையோடு பின்னால் வந்தார். படி முடிந்த இடத்தில் முதல் கதவு. பத்துக் குறி, இரண்டு கோடு. டிரைவர் கதவை இடித்தார். நீச்சல் மாஸ்டர் தூக்கக் கண்ணோடு, பெரிய தொந்தியைத் தடவிக்கொண்டு திறந்தார்.

"வலி யாருக்குங்க?"

மாஸ்டருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எனக்குத்தான். இடுப்பு வலி. உங்களுக்கு யார் சொன்னா?"

"எத்தனை மாசம்?"

"ஆச்சுங்க, ஒம்பது மாசம். யாருமே கண்டுக்கல."

டிரைவர் தொந்தியைப் பார்த்தார். மாஸ்டரின் மீசையைப் பார்த்தார். சொன்ன வேலையைச் செய்வதுதான் நல்லது என்று ஸ்ட்ரெச்சரை விரித்தார். மாஸ்டர் நன்றியோடு ஏறிப் படுத்துக்கொண்டார். மூச்சு வாங்க மேலே வந்த நர்ஸம்மா அதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யோவ், யாருய்யா இது?"

"ஒம்பது மாசமாம்."

"எறக்குய்யா அவரை! எட்டாம் நம்பர் வீடு எதுங்க?" என்று நர்ஸம்மா நடைவழியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அந்தக் கட்டடத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது. கதவுகள் திறந்தன. மேல்மாடியிலிருந்தும் கீழ்மாடியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"எட்டுன்னா, எந்தக் கணக்குல கேக்கறீங்க?" என்றார் பஸ் டிரைவர்.

"கூட்டல் படி பாத்தா இந்த மாடியில எட்டே கெடையாதுங்க" என்றார் தையல்காரம்மா.

"சங்க ரெக்கார்டுப்படி..." என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"ஏங்க, ஒரு பொண்ணு வலியில துடிக்குதுன்னு வந்திருக்கோம்!" என்றார் நர்ஸம்மா. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

நடைவழியின் மறுகோடியில் ஒரு கதவு திறந்தது. அர்த்தம் சார் வெளியே வந்தார். வேட்டி நழுவியிருந்தது, ஒரு கையில் மகளின் சால்வை. சத்தம் கேட்டுத்தான் வந்தார். அவரைப் பார்த்ததும் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இதோ, சாரே வந்துட்டாரு. அவரையே கேளுங்க" என்றார் செயலாளர். "சார், எட்டு எதுன்னு நீங்க சொல்லுங்க. எந்த அர்த்தம் சொன்னாலும் நாங்க ஒத்துக்கறோம்."

கழித்தல் கட்சி ஒரு பக்கம், கூட்டல் கட்சி ஒரு பக்கம், நடுவில் ஸ்ட்ரெச்சரில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிய நீச்சல் மாஸ்டர், எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டடம் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து அவரிடம் அர்த்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. தொண்டை தானாகச் செருமியது. "இதுக்கு ஒரு..." என்று உதடு தானாகப் பிரிந்தது.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது. சொல்லாக வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது.

அவர் சட்டென்று திரும்பினார். திறந்த கதவைத் தன் உள்ளங்கையால் அடித்தார்.

"இதான் எட்டு! எட்டு! எட்டு மட்டுந்தான்! வேற ஒரு மண்ணும் கெடையாது, வாங்கம்மா!"

நர்ஸம்மா ஓடினார். ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓட முடியவில்லை, மாஸ்டர் அதிலேயே இருந்தார். ஆனால் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. "எங்கயும் போறதுக்கு நேரமில்ல, வெந்நி வைங்க, சுத்தமான துணி கொண்டாங்க" என்று நர்ஸம்மா உள்ளேயிருந்து சொன்னதும், இரண்டு கட்சியும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மறந்து ஓடின. தையல்காரம்மா வீட்டிலிருந்து துணி வந்தது. பஸ் டிரைவர் வீட்டு அடுப்பிலிருந்து வெந்நீர் வந்தது. அர்த்தம் சார் நடைவழியில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, சால்வையைக் கசக்கிக்கொண்டே, "காலையிலேயே சொன்னா, காலையிலேயே சொன்னா" என்று முணுமுணுத்தார். யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

செய்தி கேட்டு அம்மா கடையிலிருந்து ஓடிவந்தபோது வாசலில் இவர் இருந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"தெரியாது" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அம்மா கேட்டதில்லை. அதைக் கேட்டுத்தான் அம்மா உண்மையிலேயே பயந்துபோனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பச்சைக் குரல் வீரிட்டது. நர்ஸம்மா எட்டிப் பார்த்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், ஆனாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும், முதலில் அந்த ஆளை ஸ்ட்ரெச்சரிலிருந்து யாராவது இறக்குங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்த வாரமே பித்தளை எழுத்துகளைப் பிடுங்கிவிட்டுச் சாதாரண எண்ணைச் சாயத்தில் எழுதினார்கள். தையல்காரம்மாவின் வண்டி வெயிலுக்குத் திரும்பியது. செயலாளருக்கு வருத்தம்தான், கம்பீரம் போய்விட்டதாம். நீச்சல் மாஸ்டரின் இடுப்பு வலி மட்டும் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் படுத்ததிலேயே சரியாகிவிட்டது. ஏன் என்று யாரும் அர்த்தம் சாரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருந்திவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேத்தியும் மகளும் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மாலை குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுதது. மகள் எழுந்து வருவதற்குள் தாத்தா தொட்டில் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். கைகள் பின்னால் போயின. தலை சாய்ந்தது.

"இந்த அழுகையைக் கவனிச்சியா? முதல்ல நீளமா ஒண்ணு, அப்புறம் குட்டையா ரெண்டு. இதுக்கு ஒரு..."

"பசி" என்றார் அம்மா.

பசிதான். பால் குடித்ததும் தூங்கிவிட்டது. அவர் மட்டும் வெகுநேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நல்ல அர்த்தம் வீணாகப் போயிற்றே என்று.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று நீங்கள் ஒருவருக்கு நாலு பத்தி நீளத்துக்கு ஒரு செய்தி அனுப்பினீர்கள், நினைவிருக்கிறதா? அதற்கு அவர் 'சரி' என்று ஒரே ஒரு சொல்லைப் பதிலாகப் போட்டார். வழக்கமாக 'சரிங்க' என்று போடுகிறவர் ஆயிற்றே, அந்த 'ங்க' எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். கடைசியில் புள்ளி வேறு வைத்திருக்கிறாரே, அது எதற்கு என்று கேட்டீர்கள். போன வாரம் அந்த விருந்தில் நீங்கள் ஏதோ சொன்னதை அவர் இன்னும் மனசில் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினீர்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டினீர்கள், அலுவலகத்தில் ஒருவரிடம் காட்டினீர்கள், அவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள், எல்லாமே உங்களுக்குச் சரியாகத்தான் பட்டது. அந்த மனிதர் அப்போது ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் சரி என்று போட்டார். சரி என்பதால்தான் சரி என்று போட்டார். அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லை, இல்லையா?